பக்கெட்டா, பொக்கேயா? ஹயசிந்த் நம்மை விட்டுப் போகாததன் காரணம்

வெள்ளை நிறத் தொலைபேசி ஒலிக்கிறது. அம்மையார் ரிசீவரை எடுக்கிறார். ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்ததுபோல நிதானமாக உச்சரிக்கிறார்: "பொக்கே இல்லம். வீட்டுத் தலைவி பேசுகிறேன்." மறுமுனையில் இருப்பவருக்கு வேண்டியதோ சீனச் சாப்பாடு. பார்சல் கடைக்குப் போட்ட போன், எண் மாறி இங்கே வந்துவிட்டது. இல்லத்தின் கம்பீரம் ஒரு நொடியில் சரிகிறது. இது சீன உணவகம் இல்லை என்று அவர் கத்தும்போது, இத்தனை நேரம் மடிப்புக் கலையாமல் இருந்த குரலுக்கு அடியிலிருந்து வேறொரு குரல் எட்டிப் பார்க்கிறது. அந்த இரண்டாவது குரல்தான் அவர் பிறந்த வீட்டுக் குரல்.

அவர் பெயர் ஹயசிந்த், ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் நாயகி. கணவர் ரிச்சர்டின் குடும்பப் பெயர் பக்கெட். நாம் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் அதே பக்கெட்தான். ஹயசிந்த் அதைப் 'பொக்கே' என்று உச்சரிக்கிறார். கல்யாண வரவேற்பில் மேடையேறிக் கொடுக்கிறோமே, அந்தப் பொக்கே. எழுத்தில் ஒன்றையும் மாற்றவில்லை, ஒலியை மட்டும் பிரெஞ்சுப் பக்கமாகத் திருப்பிவிட்டார். உன்னைச் சந்திக்கும்வரை அது பக்கெட்டாகத்தான் இருந்தது என்று ரிச்சர்ட் சொல்லிப் பார்க்கிறார், எடுபடவில்லை. இரண்டு சொல்லும் தமிழில் அன்றாடம் புழங்குவதால், இந்த ஒரு ஜோக்கை மட்டும் நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' என்றால் நாலு பேர் முன்னால் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்வது. அந்தப் பெயரில் இந்த நகைச்சுவைத் தொடர் பிபிசி ஒன் அலைவரிசையில் 1990 அக்டோபர் 29 அன்று தொடங்கி, 1995 கிறிஸ்துமஸ் நாளில் முடிந்தது. 5 சீசன், கிறிஸ்துமஸ் சிறப்புகளையும் சேர்த்து 44 எபிசோடு. அவ்வளவுதான். ஆனால் 2016-இல் பிபிசியின் வணிகப் பிரிவு கணக்குப் பார்த்தபோது, வெளிநாடுகளுக்கு அவர்கள் விற்ற நிகழ்ச்சிகளிலேயே அதிக முறை விலைபோனது இதுதான் என்று தெரிந்தது. உலகத் தொலைக்காட்சிகளுக்குக் கிட்டத்தட்ட 1,000 தடவை விற்றிருக்கிறார்கள். பெரிய சாகசமோ துப்பறியும் கதையோ இல்லை. கோப்பை, தட்டு, திரைச்சீலை, ஒரு தொலைபேசி. இங்கிலாந்தின் உள்விவகாரமான ஒரு சங்கதி எப்படி இத்தனை ஊர்களில் போய் ஒட்டிக்கொண்டது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், பகட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பது எல்லா ஊரிலும் உண்டு என்பது. அது பாதிதான் சரி. வெறும் பகட்டுக்காரரோடு 44 எபிசோடு யாராலும் உட்கார முடியாது, பத்தாவதில் சலித்துவிடும். ஹயசிந்தை ஓட வைப்பது பெருமை இல்லை, பயம். தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

குடும்பத்தைப் பார்த்தால் புரியும். அக்கா தங்கைகள் நால்வர்: ஹயசிந்த், வயலெட், டெய்சி, ரோஸ். எல்லாம் பூக்களின் பெயர். வயலெட் பணக்காரரைக் கட்டிக்கொண்டவர். அவரிடம் மெர்சிடிஸ் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, மட்டக்குதிரை கட்ட இடமும் இருக்கிறது. ஹயசிந்த் அதைச் சொல்லாத நாள் இல்லை. டெய்சியும் ரோஸும் அப்படி இல்லை. டெய்சியின் கணவர் ஆன்ஸ்லோ கையில்லாத பனியனும் தொப்பியுமாக, பீர் டின்னோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவர். வேலைக்குப் போகும் உத்தேசம் அறவே இல்லை. படம் நின்றுபோனால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவார், திரும்ப வந்துவிடும். வீட்டு வாசலில் ஓடாத பழைய கார் ஒன்று கிடக்கிறது, அதற்குள் ஒரு நாய் குடியிருக்கிறது. மனநிலை தடுமாறிய அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்.

வெளிப்புறக் காட்சிகளை எடுத்த இடங்களே ஒரு செய்தி சொல்கின்றன. ஹயசிந்தின் வீடு கவன்ட்ரி நகரத்துக்குக் கிழக்கே பின்லி வுட்ஸ் என்ற ஊரில் இருந்தது. டெய்சியின் வீடு கவன்ட்ரிக்குள்ளேயே ஸ்டோக் ஆல்டர்மூர் பகுதியில் இருந்தது. இரண்டுக்கும் இடையே சில மைல்தான். ஹயசிந்த் ஏறிவந்த தூரம் நிஜத்தில் அவ்வளவே. ஒரு போன் வந்தால் காரில் ஏறித் திரும்பிப் போய்விடக்கூடிய தூரம். எந்தக் கதவும் முழுசாக மூடவில்லை, அதனால்தான் ஓயாமல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இந்தப் பயத்துக்குப் பின்னணியில் ஒரு காலம் இருக்கிறது. 1980-இல் வந்த வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்டிருந்த வீடுகளைக் குடியிருப்பவர்களே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள வழிசெய்தது. அந்தப் பத்தாண்டுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைமாறின. வாடகைக் குடும்பமாக இருந்தவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள். அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரே கிரந்தம் என்ற சிறு நகரத்து மளிகைக்கடைக்காரரின் மகள். அவரும் அரசியலில் மேலே வரும்போது பயிற்சியாளர் வைத்துத் தன் குரலை மாற்றிக்கொண்டவர். ஹயசிந்த் முதன்முதலாகத் திரையில் தோன்றி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் தாட்சர் பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்து வந்த ஜான் மேஜர், வர்க்க வேறுபாடு இல்லாத சமூகம் வேண்டும் என்று பேசினார். ஏணி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று ஒரு நாடே நம்பிய நேரம் அது. திறந்த ஏணியில் ஏறலாம். இறங்கவும் நேரிடலாம்.

இங்கிலாந்தில் பணம் மட்டும் ஒருவரை மேலே வைத்துவிடாது. பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். 1954-இல் ஆலன் ராஸ் என்ற மொழியியல் அறிஞர், ஆங்கிலேய மேல்வர்க்கத்தார் பேசும் சொற்களையும் மற்றவர்கள் பேசும் சொற்களையும் பிரித்துக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்தது பின்லாந்தின் ஆய்விதழ் ஒன்றில், அதனால் பலர் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டு எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்ட் அதைக் கையிலெடுத்துப் பத்திரிகையில் எழுதியதும் ஊரே பற்றிக்கொண்டது. கைதுடைக்கும் துணியை 'நாப்கின்' என்றால் மேல்வர்க்கம். 'செர்வியட்' என்றால் இல்லை. கழிப்பறையை 'லாவட்டரி' என்பவர் ஒரு கூட்டம், 'டாய்லெட்' என்பவர் இன்னொரு கூட்டம். பணக்காரரைப் பளிச்சென்று 'ரிச்' என்று சொல்பவர்தான் மேலே இருக்கிறார். 'வெல்தி' என்று நாசூக்காகச் சொல்பவர் கீழே.

கவனித்தால் இதில் ஒரு கொடுமை இருக்கிறது. உண்மையாகவே மேலே இருப்பவர்கள் சாதாரணச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நயமாக இருக்கட்டும் என்று தேடிப் பிடித்துச் சொல்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அதாவது, மெனக்கெடுவதே அடையாளம். ஹயசிந்தின் நிலைமை இதுதான். பெரிய இடத்து விருந்துக்குப் பெயர் எதுவும் தேவையில்லை. ஹயசிந்த் தன் விருந்தை 'மெழுகுவர்த்தி வெளிச்ச இரவு விருந்து' என்று அறிவித்து அழைக்கிறார். பெரிய இடத்தில் கோப்பை என்றால் கோப்பை. இவருடையது கையால் நித்தியகல்யாணிப் பூ வரைந்த ராயல் டௌல்டன் பீங்கான், அதையும் தவறாமல் சொல்லிவிடுவார். சோபா செட் வாங்கினாலும் சாண்ட்ரிங்ஹாம் அரச மாளிகையில் இருப்பதன் அச்சு அசல் என்கிறார். இறக்க வரும் வேனில் அரச முத்திரை இருக்க வேண்டும், அதை அக்கம்பக்கம் பார்க்கவும் வேண்டும். அவர் எவ்வளவு பாடுபடுகிறாரோ அவ்வளவுக்கு, அங்கே பிறந்தவர் இல்லை என்பது தெரிந்துபோகிறது. இதை ஹயசிந்திடம் யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்த இடத்தில் சிரிப்போடு நெஞ்சும் கொஞ்சம் கனக்கும்.

பக்கத்து வீட்டு எலிசபெத்தின் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். காபிக்கு வரச்சொல்லி ஹயசிந்த் அழைக்கிறார். எலிசபெத் தன் வீட்டில் கோப்பையைப் பிசகாமல் பிடிப்பவர். இந்தச் சமையலறையில் உட்கார்ந்ததும் கை நடுங்க ஆரம்பிக்கிறது. ஹயசிந்தின் பார்வை கோப்பையை விட்டு அகலுவதில்லை. மேசையிலிருந்து உதடுவரை அது பயணப்படும் தூரத்தை அவர் கண்களாலேயே தாங்கிப் பிடிக்கிறார். சாசரில் கோப்பை கிடுகிடுக்கும் சத்தம் கேட்கிறது. சிந்தப்போகிறது என்று அவருக்குத் தெரியும், எலிசபெத்துக்குத் தெரியும், நமக்கும் தெரியும். சிந்துகிறது. எலிசபெத்தாக வரும் ஜோசஃபின் டியூசன் இந்த ஒரே விபத்தை எத்தனையோ விதமாக நடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும், பயந்த மனிதரின் பயம் எதிரில் இருப்பவரின் விரல்களுக்குள் இறங்கிவிடுவதைப் பார்க்கிறோம். எலிசபெத் நிஜமாகவே நடுத்தர வர்க்கத்தில் இயல்பாகப் பொருந்தி இருப்பவர், அதைப் பற்றி யோசிப்பதே இல்லாதவர். ஹயசிந்த் ஏங்குவது அவரிடம் ஏற்கெனவே இருக்கும் அந்த நிம்மதிக்குத்தான்.

எலிசபெத் ஏன் அடுத்த நாள் திரும்ப வருகிறார்? மறுக்கத் தெரியாததால். தொடர் முழுக்க ஓடுவது இந்த எரிபொருளில்தான். எலிசபெத்தின் தம்பி எம்மெட் உள்ளூர் இசை நாடகக் குழுவை நடத்துபவர். கண்ணில் பட்டால் ஹயசிந்த் தன் குரல்வளத்தைக் காட்டப் பாட ஆரம்பித்துவிடுவார் என்பதால் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். தேவாலயப் பாதிரியார் அவரைத் தூரத்தில் கண்டாலே ஒளிந்துகொள்ள இடம் தேடுவார். தபால்காரர், பால்காரர் எல்லோருக்கும் இதே கதைதான். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நேராகச் சொல்லிவிடக்கூடிய சமூகத்தில் இந்தக் கதை முதல் எபிசோடிலேயே முடிந்திருக்கும்.

மற்றவர்கள் தப்பி ஓடுகிறார்கள், ரிச்சர்ட் மட்டும் எங்கேயும் போக முடியாதவர். கார் ஓட்டும்போது பக்கத்து இருக்கையிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருக்கும். பாதசாரியைப் பார், ரிச்சர்ட். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அன்பே. பல நேரம் அந்தப் பாதசாரி நடைபாதையை விட்டு இறங்கியே இருக்கமாட்டார். ரிச்சர்டாக வரும் கிளைவ் ஸ்விஃப்ட் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையில் வளர்ந்தவர். அவர் இந்தப் பாத்திரத்தை வெறும் அடங்கிய கணவராக நடிக்கவில்லை. சலிப்பு இருக்கிறது, ஆனால் அதன் அடியில் தன் மனைவி எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்த ஒருவரின் பொறுமையும் இருக்கிறது. அந்தப் பொறுமை இல்லாவிட்டால் தொடரைப் பார்க்கவே கசந்திருக்கும்.

இந்தத் தொடர் என்னைப் பிடித்துவைத்திருப்பது அப்பா விஷயத்தில். மெழுகுவர்த்தி எல்லாம் ஏற்றி, முக்கியமான விருந்தாளிகள் வரப்போகும் நேரம் பார்த்து போன் வரும். அப்பாவைக் காணோம், எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார். ஹயசிந்த் ஏற்பாடு செய்த எல்லாமே அப்போது தரைமட்டம். யார் கண்ணிலும் படக்கூடாது என்ற பதைப்போடு, அதே வேகத்தில் காரில் ஏறுவார். வெட்கமும் பாசமும் ஒரே காரில் உட்கார்ந்து போகும். பகட்டுக்காரர்களைப் பற்றிய கதைகளில் அவர்கள் பெற்றவர்களையும் கூடப் பிறந்தவர்களையும் தெரியாது என்று சொல்லிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். ஹயசிந்த் மறைக்கப் பார்க்கிறாரே தவிர ஒருநாளும் அறுத்துக்கொள்வதில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்பாவுக்குச் சோறுபோட்டுப் படுக்க வைப்பது டெய்சிதான். ஹயசிந்த் அப்பாவின் போர்க்காலப் பெருமையைப் பேசுவார், ஆனால் தன் வீட்டில் வைத்துக்கொள்ளமாட்டார். தொடரை எழுதிய ராய் கிளார்க் இதைக் கண்டும் காணாமல் விடவில்லை. குப்பையும் கூளமுமான அந்த வீட்டில்தான் யார் வந்தாலும் உட்கார இடம் இருக்கிறது. ஆன்ஸ்லோவைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிட முடியாதபடி, படுக்கையில் கனமான அறிவியல் புத்தகம் வாசிக்கும் ஆளாகவும் காட்டுகிறார். தான் யார் என்பதில் ஆன்ஸ்லோவுக்குக் குழப்பமே இல்லை. 1993 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடில் ஹயசிந்த் வாழ்நாள் கனவாக க்யூஇ2 சொகுசுக் கப்பலில் போகிறார். அங்கே பார்த்தால் போட்டியில் சீட்டு வென்று ஆன்ஸ்லோவும் டெய்சியும் வந்திருக்கிறார்கள். நடுக்கடலுக்குப் போனாலும் பிறந்த வீடு கூடவே வந்துவிடுகிறது. அவர்கள் இருவரும் அந்தக் கப்பலில் சுகமாக இருக்கிறார்கள், ஹயசிந்தால்தான் இருக்க முடியவில்லை.

ராய் கிளார்க் எழுத வருவதற்கு முன் போலீஸ்காரராக, ஆசிரியராக, விற்பனையாளராக இருந்தவர். மூன்றுமே அடுத்தவர் வீட்டு வாசற்படியில் நின்று மனிதர்களைப் பார்க்க வைக்கும் வேலைகள். 2016-இல் அவரே ஹயசிந்தின் இளமைக் காலத்தை ஒரு தனி நிகழ்ச்சியாக எழுதினார். 1950-களில் நடக்கும் அந்தக் கதையில் ஹயசிந்த் வசதியான ஒரு வீட்டில் பணிப்பெண். ஆக, அந்தக் கோப்பைகளை முதலில் அவர் தொட்டது பரிமாறுவதற்காக. உடையாமல் எடுத்துவைக்க வேண்டும், உடைந்தால் வேலை போய்விடும். எலிசபெத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் எங்கிருந்து வந்தவை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இத்தனையும் எழுத்தில் இருந்தாலும், ஹயசிந்தாக நடித்து உடம்பில் ஏற்றிக் காட்டியவர் பட்ரீஷியா ரௌட்லெட்ஜ். 1929-இல் பர்க்கன்ஹெட்டில் துணிக்கடை நடத்தியவரின் மகளாகப் பிறந்தவர். வெறும் டிவி நடிகை என்று நினைத்துவிடக் கூடாது. முறையாகப் பயின்ற பாடகி. 1968-இல் நியூயார்க் பிராட்வே இசை நாடகத்துக்காக டோனி விருது வாங்கியவர், பிறகு லண்டனில் ஆலிவியர் விருதும் வாங்கியவர். இப்படிப்பட்டவர்தான் எம்மெட்டைப் பார்த்ததும் அபஸ்வரமாகப் பாடி நம்மைக் காதைப் பொத்த வைக்கிறார். சுருதி தெரிந்தவர்தான் சுருதியிலிருந்து அத்தனை துல்லியமாக விலக முடியும். பூப்போட்ட உடையும் தொப்பியுமாக, நிமிர்ந்த முதுகோடு நடந்து வரும் அந்த உடம்பு, விழும்போது முழுசாக விழும். மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் மட்டும் விழாமல் அந்தரத்தில் நிற்கும். 2025 அக்டோபரில் தம் 96-ஆம் வயதில் அவர் காலமானபோது, எத்தனையோ மேடைகளைத் தாண்டி உலகம் ஹயசிந்தைத்தான் நினைத்தது.

மகன் ஷெரிடன் ஒருநாளும் திரையில் வருவதில்லை. பணம் கேட்டு அம்மாவுக்குப் போன் செய்வதோடு சரி. அவனுடைய தையல்கலைப் படிப்பையும், நண்பன் டார்க்வினையும் பற்றி ஹயசிந்த் பெருமையாகப் பேசிக்கொண்டே போவார். டார்க்வின் வெறும் நண்பன் இல்லை என்று நமக்கும் ரிச்சர்டுக்கும் புரிவது அவருக்குப் புரியாது. ரிச்சர்ட் வாயைத் திறப்பதில்லை.

திரும்பத் திரும்ப ஒரே ஜோக் என்று இந்தத் தொடரைக் குறை சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிற்பகுதி எபிசோடுகளில் சில, பழைய மாவில் ஊற்றிய தோசைதான். ரௌட்லெட்ஜே புகழின் உச்சத்தில் போதும் என்று முடிவெடுத்து விலகினார், அதோடு தொடரும் நின்றது. சரியான முடிவு. ஆனால் திரும்ப வருவது எல்லாமே குறை ஆகிவிடாது. பயம் என்பது திரும்பத் திரும்பத்தான் வரும். நேற்று தப்பித்தோம் என்பதால் இன்றைக்குத் தொலைபேசி ஒலிக்காமல் இருக்கப்போவதில்லை.

அந்த நாய் விஷயம் அப்படித்தான். டெய்சி வீட்டு வாசலில் கிடக்கும் காருக்குள் ஒரு நாய் இருக்கிறது என்பது ஹயசிந்துக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஜாக்கிரதையாகத்தான் நடக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது ஜன்னல் வழியே திடீரென்று குரைக்கிறது, அவர் துள்ளிப்போய் வேலிச்செடிக்குள் விழுகிறார். அப்புறம் எழுந்துகொள்கிறார். தொப்பியை நேராக்குகிறார், உடையில் ஒட்டிய இலைகளைத் தட்டிவிடுகிறார், யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவை ஒரு பார்வை பார்க்கிறார். பிறகு கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போகிறார். அப்பா உள்ளே இருக்கிறார்.